மேற்படி இடம் மாட்டுக் கொட்டகை என்பதால்

அநியாயம் நடந்தது கூரியம்மாளுக்கு. வயது அறுபத்தெட்டு. ஊர் நரியனேந்தல். கண்மாய்க்கரைப் புறம்போக்கில் மண்சுவர் வைத்துப் பனையோலை வேய்ந்த வீடு. அவளும் அவள் புருசன் உடையானும் முப்பத்தாறு வருசம் படுத்து எழுந்த வீடு, ஒரு பெண்ணைப் பெற்றுத் திருப்பூருக்குக் கட்டிக்கொடுத்த வீடு, சண்டை போட்டுச் சட்டியை உடைத்து மறுநாள் அதே அடுப்பில் கஞ்சி காய்ச்சிய வீடு. அந்த வீட்டைத்தான் கரண்டு ஆபீஸில் ஒரு காகிதத்தை எடுத்து, "மேற்படி இடம் மாட்டுக் கொட்டகை என்பதால் வீட்டு மின் இணைப்பு வழங்க இயலாது" என்று தட்டி, முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்கள். ஒரு தரம் இல்லை, ரெண்டு தரம். ரெண்டு தரமும் பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணத்தின் மகள்தான் வாசித்துக் காட்டினாள். ரெண்டாம் தரம் வாசித்தபோது கட்டிலில் கிடந்த உடையான் மூச்சை ஒரு இழுப்பு இழுத்துப் பிடித்துக்கொண்டு, "அப்ப நான் காளையா, காயடிச்ச மாடான்னு அதுல போட்ருக்கா தாயி?" என்று கேட்டார். அந்தப் பிள்ளை சிரித்துவிட்டது. கூரியம்மாள் சிரிக்கவில்லை. சிரிக்க முடியாததற்கு அவளிடம் ஒரு காரணம் இருந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை, பத்து மணிக்குக் கரண்டு ஆபீஸ் என்ஜினியர், ஏ.இ. மேடமே நேரில் வருகிறார்கள், அவர்கள் வாயாலேயே சொன்னார்கள், திங்கட்கிழமை பஸ் ஏறிப் போய் மேசைக்கு முன்னால் நின்று "பாக்காம எழுதாதீக தாயி, வந்து பாத்துட்டு எழுதுங்க, அதுக்கப்புறம் மாட்டுக்கொட்டம்னாலும் கோட்டைன்னாலும் கட்டுப்படுறேன்" என்று இவள் ஒரே மூச்சில் சொன்னதும் அந்தச் சின்னப் பொம்பளை பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்ததே, அந்தப் பார்வையை நினைத்து நினைத்தே கூரியம்மாள் விடிந்ததிலிருந்து சாணி கரைத்தாள், தரை மெழுகினாள், கோலம் போட்ட கை நிற்காமல் வாசலைத் தாண்டிப் பாதைவரைக்கும் புள்ளி வைத்துக்கொண்டே போய்விட்டது, என்ன மதினி பொங்கலா என்று பஞ்சவர்ணம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள், ஆமாடி, எனக்கு இன்னைக்குத்தான் பொங்கல். ஒரு வீடு வீடாக இருக்க என்ன வேண்டும்? கோலம் வேண்டும், சரி, போட்டாயிற்று. அடுப்பு வேண்டும், இருக்கிறது, ஆனால் அடுப்பு டீக்கடையிலும்தான் இருக்கிறது. படுக்கிற பாய். பாய் பள்ளிவாசலிலும் கிடக்கிறது. பஞ்சவர்ணம்தான் சொன்னாள், "மதினி, வீடுன்னா நாலு ஏனம் மின்னணும், சுவத்துல ஒரு கடியாரம் ஓடணும், உன் வீட்டுல என்ன ஓடுது, எலிதான் ஓடுது." சொன்னதோடு நிற்காமல் எவர்சில்வர் அண்டா, ரெண்டு குடம், செம்பு, டம்ளர், அவள் மகள் பள்ளிக்கூடத்தில் ஜெயித்த சுவர்க்கடிகாரம் எல்லாவற்றையும் சுமந்து கொண்டுவந்து அடுக்கிவிட்டு, கூரியம்மாளின் ரெண்டு வெள்ளாட்டையும் அவிழ்த்துக்கொண்டு போய்விட்டாள், ராத்திரி இந்த வீட்டுக்குள்ளேயே படுக்கிற ஆடுகள், அவை மட்டும் கண்ணில் பட்டால் போதுமே, கொட்டகை என்பதற்கு வேறு சாட்சி எதற்கு. ஆடு அங்கே போச்சு, அண்டா இங்கே வந்துச்சு.

ஒன்பதரை. கடிகாரம் டிக், டிக் என்கிறது. இந்தச் சத்தம் இந்த வீட்டுக்குப் புதுசு, இதுவரை இந்த வீட்டில் ஓடிய கடிகாரம் உடையானின் மூச்சுதான், இழுக்கும்போது ஒரு விசில், விடும்போது ஒரு கரகரப்பு, முப்பது வருசம் சீமைக்கருவேல மூட்டத்துக்குப் பக்கத்தில் நின்று கரி எடுத்த நெஞ்சு, மண் போட்டு மூடிய விறகு உள்ளுக்குள்ளேயே புகைந்து கரியாகிற மாதிரி அந்த நெஞ்சும் உள்ளுக்குள்ளேயே கரியாகிப்போனது, வெளியே பார்த்தால் மனுசன் நன்றாகத்தான் தெரிகிறார். ரெண்டு டிக்குக்கு ஒரு இழுப்பு. இல்லை, இப்போது மூன்றுக்கு ஒன்று. ஏன் மூன்று? அவள் திரும்பிப் பார்க்கிறாள். உடையான் கட்டிலில் சுவரோடு சாய்ந்து, சலவைச் சட்டை போட்டு, தலை சீவி, கல்யாணத்துக்குப் போகிற ஆள் போல உட்கார்ந்திருக்கிறார். ஒன்றுமில்லை, நல்லாத்தான் இருக்கார். கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிடலாமா? கூடாது, கூடாது, வீட்டில் கடிகாரம் ஓட வேண்டும். கட்டிலுக்குக் கீழே அட்டைப்பெட்டிக்குள் அந்த மூச்சு மிசின், ஆஸ்பத்திரியில் ஆடி மாசம் கொடுத்தது, வெள்ளை வெளேரென்று, மூக்கில் மாட்டுகிற பச்சை மூடியோடு. "காலையில ஒரு தடவை, சாயந்தரம் ஒரு தடவை, முடியலைன்னா நடுவுலயும் வைங்க, ப்ளக்ல சொருகி சுவிட்சப் போட்டா போதும், ரொம்ப ஈசி" என்றாள் நர்ஸ் பிள்ளை. ரொம்ப ஈசிதான் தாயி, ப்ளக்கு எங்கே இருக்கிறது? பஞ்சவர்ணம் வீட்டில் இருக்கிறது, ஆனால் அங்கே சொருகின அன்றைக்கே மீட்டர் பார்க்க வந்தவன், அடுத்த வீட்டாளுக்குக் கரண்டு கொடுத்தால் பியூசைப் பிடுங்கிவிடுவேன் என்று அவளை மிரட்டிவிட்டுப் போனான். அதை விட்டால் ஊருக்குத் தெற்கே தண்ணித் தொட்டி மோட்டார் ரூமில் இருக்கிறது. ஆடியில் நடந்து போனார். ஐப்பசியில் ரெண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்து போனார். தையிலிருந்து வண்டி. வண்டி என்றால் என்ன வண்டி, இந்தப் பக்கத்துச் சனம் குடம் வைத்துத் தண்ணீர் தள்ளுமே, நாலு சக்கரத்தில் வட்ட வட்டமாக ஓட்டை போட்ட தள்ளுவண்டி, அதில் பலகை போட்டு, பலகையில் சாக்கு போட்டு, சாக்கில் புருசனை உட்கார வைத்து, மடியில் மிசினைக் கொடுத்து, தெருவழியாகத் தள்ளிக்கொண்டு போகிறாள். முதல்நாள் பார்த்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். நாலாம் நாள், "என்ன உடையாண்ணே, தேர் கெளம்பிருச்சா" என்றார்கள். அவரும் கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணினார். அவளுக்கு மட்டும் அந்த ரோட்டில் கிடக்கிற ஒவ்வொரு கல்லும் பெயர் சொல்லித் தெரியும். போன செவ்வாய்க்கிழமை பாதி வழியில் அவர் உதடு நீலமாகிவிட்டது. அவள் ஓடினாள். அறுபத்தெட்டு வயதில், ஓட்டை வண்டியைத் தள்ளிக்கொண்டு, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஓடினாள். மோட்டார் ரூம் பூட்டியிருந்தது.

வேண்டாம், அதை நினைக்காதே. திறந்தார்கள்ல, சாவி வந்துச்சுல்ல, மனுசன் இருக்கார்ல. ஒன்பது நாற்பது. வண்டிச் சத்தமா? இல்லை, காற்று. வாசலில் நின்று அண்ணாந்தால் கம்பி தெரிகிறது, இந்த வீட்டுக் கூரைக்கு நேர் மேலேதான் போகிறது, பார்க்கப் பார்க்க ஆத்திரம் வருகிறது, மழை பெய்தால் அது உய்ய்ய் என்று பாடுவது பாயில் படுத்திருக்கும்போதே காதில் விழும், நம்ம தலைக்கு மேலே போகிற கரண்டு, மோட்டார் ரூமுக்குப் போகிறது, பஞ்சவர்ணம் வீட்டு மிக்ஸிக்குப் போகிறது, செங்கல் சூளைக்குப் போகிறது, இங்கே மட்டும் இறங்காது, ஏனென்றால் மாட்டுக்கு எதற்கு வெளிச்சம். அந்தக் கம்பம் நட்ட அன்றைக்குக் குழி தோண்டிய ஆட்களுக்குக் கஞ்சி ஊற்றியது யார்? இந்தக் கொட்டகைதான் ஊற்றியது. கேட்கணும். அந்த மேடத்தைக் கேட்கணும், எந்த ஊர்ல தாயி கொட்டம் கஞ்சி ஊத்தும்? நல்ல கேள்வி. மடியில் முடிந்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் கேட்கிற வாய் அந்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறது, எப்போதும் அதே இடம், சேலைத் தலைப்பு முள்ளில் மாட்டுகிற மாதிரி, எங்கே சுற்றினாலும் நினைப்பு அந்த ஒரு முள்ளில் வந்து மாட்டிக்கொள்கிறது. கொட்டகை என்று அவர்களுக்கு யார் சொன்னது?

நீதான் சொன்னாய் கூரி. முந்தின வருசத்துக்கு முந்தின வருசம், மார்கழி கடைசி, கையில் நோட்டோடு ஒரு ஆள் வந்தான், வீடு வீடாக ஏறி இறங்கிக் கணக்கெடுத்துக்கொண்டு, கரண்டு இல்லாத வீட்டைக் கணக்கெடுக்க வந்தவன் என்பது பிறகுதான் தெரிந்தது. நோட்டோடு ஆள் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது கண்மாய்க்கரைச் சனத்துக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை: சுருங்க வேண்டும். அஞ்சு கோழி இருந்தால் ஒன்று என்று சொல்ல வேண்டும், ஒன்று இருந்தால் அது அடுத்த வீட்டுக் கோழி. அவள் மாமியார் காலத்தில் நோட்டோடு வந்தவன் சுவரில் கரியால் நம்பர் போட்டுவிட்டுப் போனான், ஒரே மாசத்தில் மேற்கு வரிசையில் பதினோரு வீட்டை இடித்துத் தள்ளினார்கள், புறம்போக்கு என்று. நம்பர் போடாத தொழுவங்கள் மட்டும் நின்றன. அதனால் அந்த ஆள் மூன்று வீடு தள்ளி வரும்போதே இவளுக்கு மூளை மின்னல் மாதிரி வேலை செய்தது. பஞ்சவர்ணத்தின் பசுவை அவிழ்த்து இழுத்து வந்து வாசலில் கட்டினாள். உடையானைக் கண்மாய்ப் பக்கம் துரத்தினாள். ஒரு கூடைச் சாணியை நிலைப்படிக்குப் பக்கத்தில் கொட்டினாள். "இது வீடா சாமி? மாட்டுக்கொட்டம்" என்றாள். அவன் போனை நீட்டிப் படம் பிடித்தான். பசு அழகாகக் காதை ஆட்டிக்கொண்டு நின்றது. அன்றைக்கு என்ன சந்தோசம்! சர்க்காரையே ஏமாற்றிவிட்டோம் என்று அவளும் அவரும் சிரித்த சிரிப்பில் அவருக்கு இருமல் வந்து, முதுகைத் தடவிக்கொண்டே அவள் மறுபடி சிரித்தாள். அந்த இருமல்தான். அந்த இருமலில்தான் ஆரம்பித்தது என்று அவளுக்கு இப்போது தோன்றுகிறது, அப்படி இல்லை என்றும் தெரியும், தெரிந்தும் தோன்றுகிறது. பஞ்சவர்ணம் "வீடுதான்" என்று சொன்னாள், நம்பர் போட்டார்கள், யாரும் இடிக்கவில்லை, கரண்டு வந்தது. கெட்டிக்காரத்தனத்துக்குக் கிடைத்த பரிசைப் பார். இப்போது உண்மையைச் சொன்னால் பொய் சொன்னதற்குப் பிடிப்பார்கள், புறம்போக்கில் குடியிருக்கிறேன் என்று வாயாலேயே ஒப்புக்கொண்ட மாதிரியும் ஆகும். சொல்லாவிட்டால் பசு காதை ஆட்டிக்கொண்டு அந்தப் படத்தில் நிற்கும். ஒரு நாள் நின்ற மாடு கூரியம்மாளையும் உடையானையும் வெளியே தள்ளிவிட்டு அந்த வீட்டில் ரெண்டு வருசமாகக் குடியிருக்கிறது. கோபம் யார்மேல் வரவேண்டும்? பசு மேலா? பயந்தவள் மேலா? பயப்படும்படி வைத்திருந்தவர்களை விட்டுவிட்டுத் தன்னையே வைது வைது இவள் தேய்ந்துபோகிறாளே, இது எந்த ஊர் நியாயம்?

வண்டி! இந்தத் தடவை வண்டியேதான். ஸ்கூட்டியில் மேடம், பின்னால் பைக்கில் போர்மேன், நரைத்த மீசை, கம்பம் ஏறி ஏறி வளைந்த கால். கூரியம்மாளுக்குக் கை எது கால் எது என்று தெரியவில்லை. வாங்க தாயி, பாத்து வாங்க, கோலத்த மிதிங்க பரவால்ல. மேடத்துக்கு முப்பது வயசுகூட இருக்காது, ஹெல்மெட்டைக் கழற்றி நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்கள், சுவரைப் பார்த்தார்கள், குனிந்து உள்ளே வந்தார்கள். கட்டிலிலிருந்து உடையான் எழப் பார்த்தார், முடியவில்லை, கும்பிட்டார். கடிகாரம் டிக் டிக். அண்டா மின்னியது. எல்லாம் சரியாக நடக்கிறது, நடக்கிறது, கூரியம்மாள் ஓடிப்போய்ப் பானையிலிருந்து பஞ்சவர்ணத்தின் எவர்சில்வர் செம்பில் தண்ணீர் மோந்து நீட்டினாள். மேடம் அண்ணாந்து குடித்தார்கள். குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பிப் பார்த்தார்கள்.

"பா. பஞ்சவர்ணம்னு பேரு வெட்டியிருக்கு. உங்க பேரு கூரியம்மாள்தானே?"

கூரியம்மாளுக்குப் புரியவே கொஞ்ச நேரமாயிற்று. கடையில் ஏனம் வாங்கினால் பேர் வெட்டிக் கொடுப்பார்கள் என்பது தெரியும், எல்லோருக்கும் தெரியும், பஞ்சவர்ணத்துக்கும் தெரியும், ஆனால் ஓரத்தில் பூ மாதிரி புள்ளி புள்ளியாகக் கிடந்தது எழுத்து என்று வாசிக்கத் தெரியாத கண்ணுக்கு எப்படித் தட்டுப்படும்? போர்மேன் அதற்குள் அண்டாவைச் சுற்றி வந்தார். "அண்டாவுலயும் பஞ்சவர்ணம். கொடம் ரெண்டும் பஞ்சவர்ணம்." மீசையைத் தடவினார். "மேடம், அன்னைக்குக் கணக்கெடுத்தவன் எழுதுனது சரிதான். பக்கத்து வீட்டுக்காரி மாடு கட்டுன எடம், இப்ப சாமான் போட்டு வச்சிருக்கா. நம்ம வர்றோம்னு கெழவன் கெழவியக் கொண்டாந்து உக்கார வச்சிருக்காக."

"யோவ் போர்மேன்!" வேலிக்கு மேலே பஞ்சவர்ணத்தின் தலை வந்தது. "நாந்தான்யா பஞ்சவர்ணம்! என் ஏனத்த நாந்தான் குடுத்தேன். எங்க மதினி வீடுய்யா அது! உன் மீசையில தீய வைக்க!"

"பாத்தீங்களா மேடம், ஓனரே வந்தாச்சு."

மேடம் கையில் இருந்த பைலைத் திறந்தார்கள். படம். வாசல், நிலைப்படி, சாணி, நடுவில் பசு. படத்தையும் வாசலையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். கூரியம்மாளின் காதில் கடிகாரம் மட்டும் கேட்டது. டிக், டிக், டிக். நாலு. ஐந்து. இழுப்பு எங்கே? மூச்சு எங்கே? அவள் திரும்பினாள். உடையான் வாயைத் திறந்து, கழுத்து நரம்பு புடைக்க, தேடுகிறார், காற்றைத் தேடுகிறார், அவ்வளவு காற்றும் வெளியே பனைமரத்தில் சலசலவென்று கிடக்க இந்த ஒரு மனுசனுக்கு மட்டும் ஒரு கை அளவு கிடைக்கவில்லை. வந்தது. விசிலோடு வந்தது. அந்த விசிலோடு சேர்ந்து கூரியம்மாளுக்குள் அத்தனை நாள் முள்ளில் மாட்டிக் கிடந்தது கிழிந்துகொண்டு வெளியே வந்தது.

"நாந்தான் தாயி கட்டுனேன், அந்தப் பசுவ. இவ பசு, நான் இழுத்தாந்து கட்டுனேன். கொட்டம்னு சொன்னது இந்த வாய்தான். இந்த அண்டாவையும் நாந்தான் வச்சேன். அன்னைக்கு வீடுன்னு சொன்னா இடிச்சிருவீகளோன்னு கொட்டமாக்குனேன், இன்னைக்குக் கொட்டம்னு சொல்லிருவீகளோன்னு வீடாக்குனேன். எதைச் சொன்னா எங்கள விடுவீக, அதை நீங்களே சொல்லிக் குடுங்க, அதையே சொல்றேன்!" சொல்லிக்கொண்டே அவள் கடிகாரத்தைப் பிடுங்கிப் போர்மேன் கையில் திணித்தாள், அண்டாவை உருட்டி வாசலில் தள்ளினாள், அடுப்புக்குப் பின்னாலிருந்து கரிப்பிடித்த மண்சட்டியையும் ரெண்டு அலுமினியத் தட்டையும் எடுத்து மேடத்தின் காலடியில் வைத்தாள். "இது என் ஏனம். பேரு வெட்டலை. வாங்குனது சந்தையில, தரையில துணி விரிச்சு விக்கிறவன் கிட்ட. ஒன்னுல அவரு திங்கிறாரு, ஒன்னுல நான் திங்கிறேன். ராத்திரி ரெண்டு ஆடும் இங்கனதான் படுக்குது, அதையும் ஒளிச்சு வச்சிருக்கேன், அதையும் எழுதிக்கங்க!"

"மதினி, ஆட்ட ஏன் சொன்ன!" என்றாள் பஞ்சவர்ணம்.

மேடம் தட்டைப் பார்த்தார்கள். கட்டிலுக்குக் கீழே குனிந்து அட்டைப்பெட்டியை இழுத்தார்கள், மிசினை எடுத்தார்கள், அதன் வயரை விரலில் பிடித்துச் சுவரெல்லாம் பார்த்தார்கள், சொருக இடம் தேடுகிற மாதிரி. "இதை எங்க வச்சு ஓட்டுறீங்க?" என்று கேட்டார்கள். போர்மேன்தான் பதில் சொன்னார், குரல் இறங்கியிருந்தது. "மோட்டார் ரூம்ல மேடம். தண்ணி வண்டியில வச்சுத் தள்ளிட்டு வருவாகன்னு ஆப்பரேட்டர் சொல்வான். நான் வேற யாரோன்னு நெனச்சேன்."

"ஏம்மா, ஒன்னு தெரிஞ்சுக்கங்க" என்றார்கள் மேடம். "வீடுன்னு நான் எழுதுனா, புறம்போக்குல குடியிருக்கீங்கன்னும் அதுலயே பதிவாகுது. நாளைக்கு நோட்டீஸ் வரலாம். வராமலும் போகலாம். என் கையில இல்லை."

இடிந்த பதினோரு வீடு அவள் கண்ணுக்குள் ஒரு தரம் மறுபடி இடிந்தது. மேற்கு வரிசைப் புழுதி நாக்கில் ஒட்டியது. "வரட்டும் தாயி" என்றாள் கூரியம்மாள். "நோட்டீசு நாளைக்கு வரட்டும், நாளைக்குப் பேசிக்கிறேன். இவருக்கு மூச்சு இன்னைக்கு வேணும்."

"மாடுன்னே..." என்றார் உடையான் கட்டிலிலிருந்து, ஒரு சொல்லுக்கு ஒரு இழுப்பாக. "எழுதுனாலும்... சரி தாயி... மாட்டுக்கு... ஒரு ப்ளக்கு... குடுக்க... சட்டத்துல... எடமிருந்தா."

போர்மேன் சிரித்துவிட்டார், சிரித்தவர் கடிகாரத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டார். மேடம் சிரிக்கவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, பைலை முழங்காலில் வைத்து எழுத ஆரம்பித்தார்கள். எழுதினார்கள், எழுதினார்கள், ஒரு வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதினார்கள். அந்தப் பேனா என்ன எழுதுகிறது? அன்றைக்கு நோட்டோடு வந்தவன் பேனாவும் இப்படித்தான் நல்லபிள்ளை மாதிரி ஓடியது. எழுத்து தெரியாதவள் முன்னால் எழுதுவதைப் போலத் தைரியம் வேறு ஏது? இனிமேல் முடியாது. அவள் பைலின் மேல் கையை வைத்தாள், சாணி காய்ந்த கை, வெள்ளைத்தாளில் ரேகை விழுந்தது.

"வாசிச்சுக் காட்டுங்க தாயி. என்ன எழுதுனாலும் என் காதுல விழுகணும்."

போர்மேன் ஏதோ சொல்ல வந்தார். மேடம் அவரைப் பார்க்காமல், உடையானுக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தி, ஆபீஸ் தமிழிலேயே வாசித்தார்கள்:

"நேரில் பார்வையிட்டேன். மேற்படி இடத்தில் மனிதர்கள் இருவர் வசிக்கிறார்கள். மின் இணைப்பு உடனே வழங்கவும்."